திருப்பணிச் செல்வி செம்பியன் மாதேவியார்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழும் நன்னாளில், விமானக் கலசத்தின்மீது புனித நீர் பொழியும்போது, அன்பர் கூட்டம் கைகூப்பி மேல்நோக்கி நிற்கும். அப்பொழுது எல்லோர் கண்ணுக்கும் தோன்றுவது கலசம். ஒருவர் கண்ணுக்கும் தோன்றாதிருப்பது அடித்தளம். தாங்கி நிற்கும் கற்களை முதன்முதல் இட்டவர் யார், அவருக்கும் முன்னே அவ்விடத்தில் விளக்கேற்றியவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தமிழகத்துச் சிவாலயங்கள் பலவற்றைப் பொறுத்தமட்டில் அவ்வாறு எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணம் ஒரு மூதாட்டியாரின் திருவடியிற் சென்று நிற்கும். அவரே சோழர் குலத்துப் பேரரசியார் செம்பியன் மாதேவியார்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அன்பர்களுக்கு இப்பெருமாட்டியார் அயலார் அல்லர். திண்டிவனத்துக்குத் தெற்கிலும் விழுப்புரத்துக்கு வடகிழக்கிலும், வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில் அமைந்தது திருவக்கரை. திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய பதி அது. மும்முகம் கொண்ட இலிங்கத் திருமேனியாய்ச் சந்திரமௌலீசுவரரும், பௌர்ணமிதோறும் திரளான அடியார் வந்து வணங்கும் வக்கிரகாளியம்மையும் அங்கு எழுந்தருளியிருக்கின்றனர். முதலாம் இராசராசரின் 16ஆம் ஆட்சியாண்டாகிய 1001இல், அத்தலத்துச் சிவலோகமுடைய பரமசுவாமிக்குச் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. அம்மையார் செய்தனவாக இன்று தெரியவரும் கற்றளிகளுள் இறுதியானது இதுவே. அறுபது ஆண்டுத் திருத்தொண்டு வந்து நிறைவெய்திய இடம் என்பதால், இந்நிலத்தோர் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

பிறந்த குடியும் புகுந்த குடியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் வடக்கே பரந்து கிடந்த மழநாட்டின் தலைவர்கள் மழவரையர் எனப் பெற்றனர். அக்குடியிற் பிறந்தவர் அம்மையார். மணம் புகுந்தது சோழர் குடியில். முதலாம் பராந்தக சோழரின் மைந்தர் கண்டராதித்தரே அவருடைய கணவர். மாமனார் பராந்தகரின் ஆட்சிக் காலத்திலேயே, 941ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் இறைவன் திருமுன் விளக்கெரிய அம்மையார் அறம் வைத்தார். அவர் பெயரைத் தாங்கி வரும் பழைமையான சான்று அது.

அக்காலத்தில் விளக்கறம் வைப்பது எளிய செயலாகத் தோன்றினும், அதன் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு நுந்தா விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பர். அவற்றை இடையர் ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளந்து கொடுப்பர். ஆடுகள் பெருகுமே யன்றிக் குறையா என்ற கருத்தில் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று வழங்கினர். கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை மறையாதிருக்க வகுத்த முறை இது. இளமையிலேயே இம்முறையை உணர்ந்த அம்மையார், தம் வாழ்நாள் முழுவதும் இதனையே கடைப்பிடித்தார். கோயில் கட்டியதோடு அவர் என்றும் நின்றதில்லை. அங்கே அன்றாட வழிபாடு தடையின்றி நடைபெறுதற்கு நிலமும் பொன்னும் வைத்தே தம் கடனை முடித்தார்.

இடர் சூழ்ந்த அரியணை

அம்மையார் பட்டத்தரசியான காலம் சோழர்க்கு நற்காலமாக இல்லை. பராந்தகரின் மூத்த மைந்தர் இராசாதித்தர் வடபுலத்திலிருந்து வந்த இராட்டிரகூடர் படையைத் தடுக்கும் பொருட்டுத் திருநாவலூர்ப் பகுதியில் நெடுங்காலம் தங்கியிருந்தவர். 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில், யானைமீது இருந்தபடியே அவர் உயிர் துறந்தார். அத்தோல்விக்குப் பின் தொண்டை நாடும் நடுநாட்டின் பெரும்பகுதியும் சோழர் கையினின்றும் நழுவின. புதுச்சேரியை அடுத்த வாகூர் முதலிய ஊர்களில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், கன்னரதேவன் என்ற பெயரோடு கல்வெட்டுகளிற் காணப்படுவது அந்நாளைய நிலைமைக்குச் சான்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்துப் பகுதிகளும் அவ்வெள்ளத்தில் அகப்பட்டவையே.

மூத்தவர் மறைந்தமையால் அரசுரிமை கண்டராதித்தர்க்கு வந்தது. வாளினும் தேவாரத்தை மிகுதியாக நேசித்தவர் அவர். தில்லைக் கூத்தப்பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது. சிவஞானச் செல்வராகிய அம்மன்னர் நெடுநாள் ஆளவில்லை. ஏறத்தாழ 957ஆம் ஆண்டளவில் அவருடைய ஆட்சி முடிவுற்றது. மேற்கெழுந்தருளிய தேவர் என்று பிற்காலக் கல்வெட்டுகள் அவரைச் சுட்டுகின்றன. அம்மையாரின் கையில் எஞ்சியிருந்தவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் பருவம் வாராத மைந்தர் ஒருவரே. அவரே பின்னாளில் உத்தம சோழர் எனப் பெற்றவர்.

இரு தேவியர், இரு நெறிகள்

கணவனை இழந்த அரசியர் உடன்கட்டை ஏறுதல் அக்கால அரச குடிகளிற் பெருமையாகக் கருதப்பட்டது. இதே சோழர் குடியில், இதே தலைமுறையை ஒட்டி, அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியிற் பிறந்தவர் வானவன் மாதேவியார், சுந்தர சோழரின் தேவியார், இராசராசரைப் பெற்றவர். 973ஆம் ஆண்டளவில் சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தபோது, பால்மணம் மாறாத மகவைப் பிரிந்து அத்தேவியார் கணவரோடு தீப்புகுந்தார் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகக் கூறுகிறது. படிப்போர் நெஞ்சம் கலங்கும் செய்தி அது.

செம்பியன் மாதேவியார் அதற்கு முன்பே வேறொரு நெறியை மேற்கொண்டிருந்தார். அவர் வாழத் துணிந்தார். மைந்தரை வளர்க்க வாழ்ந்தார். கணவர் பாடிய பெருமானுக்குத் தொண்டு செய்ய வாழ்ந்தார். கணவர் மறைந்த பின் ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவர் இவ்வுலகில் இருந்தமை திருவக்கரைச் சாசனத்தால் தெளிவாகிறது. அந்நாற்பத்து நான்கு ஆண்டுகள் இல்லாதிருப்பின் தமிழகம் இழந்திருக்கக் கூடியவை எவையெவை என்று கணக்கிட்டால், வாழ்வதும் ஒரு தவமே என்ற உண்மை விளங்கும்.

குடும்பத்தைக் காத்த பொறுமை

கண்டராதித்தர்க்குப் பின் அரியணை அவர் மைந்தர்க்கு வரவில்லை. தம்பியார் அரிஞ்சயர் ஆண்டார். அவர்க்குப் பின் அரிஞ்சயரின் மைந்தர் சுந்தர சோழர் ஆண்டார். அக்காலத்தில் அம்மையார் தம் மைந்தரின் உரிமையை முன்னிட்டுக் கலகம் விளைத்ததாக எச்சான்றும் இல்லை. கிளையரசர் ஆட்சிக் காலங்களிலும் அவருடைய அறங்கள் இடையறாது நடந்தன.

சோழர் குடியைக் குலுக்கிய பெருந்துயரம் அப்போதுதான் நேர்ந்தது. சுந்தர சோழரின் மூத்த மைந்தர் ஆதித்த கரிகாலர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணமானோரின் உடைமைகள் பின்னர் இராசராசரின் ஆணையால் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு அறிவிக்கிறது. அக்கொலையின் பின்னணி குறித்து வரலாற்று ஆசிரியர்கள் வெவ்வேறு கருத்துடையர். உத்தம சோழர்மீது ஐயுற்றவரும் உளர், அதனை மறுத்தவரும் உளர். ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அரசுரிமை பற்றிய பகைமையால் இரண்டாகப் பிளந்து அழிந்திருக்கக் கூடிய அக்குடும்பம் பிளவுபடவில்லை.

குடிமக்கள் அருண்மொழிவர்மரை அரசராக வேண்டியபோது, தம் சிற்றப்பனார்க்கு அரசாட்சியில் விருப்பம் இருத்தலை உணர்ந்து அவர் விட்டுக் கொடுத்தார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. உத்தம சோழரும் தமக்குப் பின் அருண்மொழியே ஆளவேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். அவ்வாறே 985ஆம் ஆண்டில் அருண்மொழிவர்மர், இராசராசர் என்ற பெயரோடு அரியணை ஏறினார். உத்தம சோழரின் புதல்வர் மதுராந்தகன் கண்டராதித்தர் அரசைக் கவர முயலவில்லை. இராசராசரின் கீழ்க் கோயிற் காரியங்களை ஆராயும் அதிகாரியாகப் பணிபுரிந்தார். பாட்டனாரின் பெயரைச் சுமந்த பேரன், பாட்டியார் போற்றிய திருக்கோயிற் பணியையே தம் பணியாகக் கொண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வொற்றுமைக்கு அம்மையார் கூறிய அறிவுரைகள் எவை என்பதை எக்கல்லும் பதிந்து வைக்கவில்லை. ஆயினும், மைந்தர் அரசாண்ட காலத்திலும், மைந்தர் மறைந்து கிளையரசர் ஆண்ட காலத்திலும் அவருக்கு ஒரே மதிப்பு நிலவியதைச் சாசனங்கள் காட்டுகின்றன. இராசராசரின் ஆட்சியிலும் உத்தம சோழரைப் பெற்ற பிராட்டியார் என்ற பெருமையோடே அவர் குறிக்கப் பெறுகிறார். வீட்டில் மூத்தோர் ஒருவர் எல்லார்க்கும் பொதுவாய் நின்றால், இளையோர் பகை கொள்ள நாணுவர். இது அரண்மனைக்கும் பொருந்தும், குடிசைக்கும் பொருந்தும்.

அம்மையாரின் மருமக்கள் அவரிடம் கொண்டிருந்த அன்பும் கல்லிற் பதிந்துள்ளது. நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயராலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில் கைலாசநாதர்க்கு அவர் கோயில் எடுப்பித்தார். உத்தம சோழரின் தேவியர் அக்கோயிலில் மாமியாரின் பிறந்த நாளாகிய சித்திரைக் கேட்டையை முன்னிட்டு அறங்கள் வைத்தனர். மருமக்கள் கூடி மாமியார்க்குப் பிறந்தநாள் எடுத்த செய்தி, மன்னர்களின் போர்ச் செய்திகளுக்கு நடுவே ஒரு குளிர் நிழல் போல விளங்குகிறது.

செங்கல் கல்லான காலம்

அம்மையாரின் திருப்பணியைச் சரிவர உணர்தற்கு, அக்காலத்துக் கோயில்களின் நிலையை அறிதல் வேண்டும். நாயன்மார் பாடிய காலத்தில் பெரும்பாலான தலங்கள் செங்கல்லும் சுதையும் மரமும் கொண்டு அமைந்தவை. மழையும் வெள்ளமும் அவற்றை அரித்தன. சுவர்ப் பிளவுகளில் ஆலும் அரசும் வேரோடின. கல்லிற் கோயில் அமைக்கும் முயற்சிக்கு விழுப்புரம் நிலமே தொடக்கக் களமாயிருந்தது. விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றித் தாம் ஆலயம் அமைத்ததை, ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர் பொறித்து வைத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவர் பனைமலையிற் கற்கோயில் எழுப்பினார். மலை அருகிருந்த நாட்டில் இது இயன்றது. காவிரிக் கழனி நாட்டிலோ கல் என்பதே அரிது. தொலைவிலிருந்து வண்டிகளிலும் ஓடங்களிலும் கொண்டுவர வேண்டும். முதலாம் ஆதித்தரும் பராந்தகரும் தொடங்கிய கற்றளிப் பணியை, கணவரை இழந்த ஓர் அரசியார் தம் வாழ்நாட் கடமையாக மேற்கொண்டு தொடர்ந்து நடத்தினார்.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில் அவர் எடுப்பித்த கற்றளி கணவர் கண்டராதித்தரின் பெயரால் அமைந்தது. அங்கே கண்டராதித்தர் இலிங்கப் பெருமானை வழிபடுவதாக ஒரு சிற்பம் உள்ளது. அது இன்னாருடையது என்பதும் அருகே எழுதப் பெற்றிருக்கிறது. கட்டுவித்த அம்மையார் தம் உருவத்தை முன்னிறுத்தவில்லை. கணவரின் உருவத்தை நிறுத்தினார். மேலும், அப்பணியை முன்னின்று முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனையும் அவர் மறக்கவில்லை. அவரையும் சிற்பத்தில் அமைத்து, சிறப்புப் பெயரும் அளித்து, அச்செய்தியைக் கல்லில் நிலைபெறச் செய்தார். பணியாளரின் பெயர் ஆயிரம் ஆண்டு வாழ வழி செய்த கொடையாளர் மிகச் சிலரே.

981ஆம் ஆண்டளவில் விருத்தாசலம் என்னும் திருமுதுகுன்றத்தில் அவர் திருப்பணி நிகழ்ந்தது. ஆடுதுறை, திருக்கோடிகாவல், திருமணஞ்சேரி, குத்தாலம் என வழங்கும் திருத்துருத்தி, திருவாரூர் அறநெறி முதலிய தலங்களும் அவரது கைங்கரியத்தாற் கற்றளிகளாயின. இவ்வாறு ஏறத்தாழப் பத்துத் திருக்கோயில்கள் அவர் பெயரோடு தொடர்புற்று நிற்கின்றன.

கோட்டங்களில் இறைவன் திருவுருவங்களை மிகுதியாக அமைக்கும் வழக்கமும் அவர் காலத்தில் வளர்ந்தது. கணபதி, பிட்சாடனர், துர்க்கை ஆகியோரோடு, ஆடல்வல்லான் திருவுருவும் தென்புறச் சுவரிற் சிறப்பிடம் பெற்றது. கணவர் சொல்லாற் பாடிய கூத்தப்பெருமானை மனைவியார் கல்லாற் பாடினார் எனலாம். இன்று சிவாலயத்தை வலம் வருவோர் ஒவ்வொரு கோட்டத்தின் முன்னும் நின்று கைகூப்பும் வழக்கத்துக்கு, அவர் காலத் திருப்பணிகள் பெரிதும் துணைபுரிந்தன.

அவருடைய அறம் கோயிலோடு முடியவில்லை. அரியலூர் மாவட்டத்தில் கண்டராதித்தம் என்ற ஊர் கணவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வூர் ஏரியோ செம்பியன் மாதேவிப் பேரேரி என்று மனைவியார் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊருக்கு அவர் பெயர், நீருக்கு இவர் பெயர்.

முன்னோர் கொடையைக் காத்த பெருமை

திருப்பணி செய்வோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தத் தக்க செய்தி ஒன்று திருக்கோடிகாவலில் உள்ளது. அக்கோயில் பழுதுற்றிருந்த நிலையில் அம்மையார் அதனைக் கல்லாற் புதுப்பிக்க முற்பட்டார். பழைய கோயிலில், பல்லவர் காலம் முதலாகப் பலரும் வைத்த அறங்கள் கற்களிற் பொறிக்கப்பட்டுச் சிதறிக் கிடந்தன. பெயர் விரும்புவோராயின் அவற்றை அடித்தளத்தில் இட்டு மறைத்திருப்பர். எல்லாம் தம் கொடையே என்று உலகம் எண்ணட்டும் என விட்டிருப்பர். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. அப்பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுமாறு ஆணையிட்டார். அவை பழைய கற்களிலிருந்து எடுக்கப்பட்ட படிகள் என்ற குறிப்பும் உடன் இடம்பெற்றது.

அக்கொடையாளருட் பலர் பேரரசர் அல்லர். ஒரு விளக்குக்கும் ஒரு வேளை அமுதுக்கும் தம்மால் இயன்றதை அளித்தோரும் அவருள் இருந்தனர். ஒரு பேரரசியார் தம் சுவரில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதனால் அவர்களுடைய அறம் மறுபிறவி எடுத்தது. நிலமும் நெய்யும் யாருக்கு உரியவை என்ற வழக்கு எழாமல் கோயிலின் உடைமையும் காக்கப் பெற்றது. புதுப்பித்தல் வேறு, அழித்துக் கட்டுதல் வேறு என்னும் நுட்பத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் செயல் அரிது.

இந்நாளில் திருப்பணியின் பெயரால் பழங்கற்கள் புரட்டப்படுவதும், எழுத்துள்ள சுவர்மீது சுண்ணமும் சிமெண்டும் வண்ணமும் பூசப்படுவதும், மணல் வீச்சால் எழுத்துகள் தேய்ந்து போவதும் ஆங்காங்கே நிகழ்ந்ததுண்டு. பக்தியின் மிகுதியால் நேர்ந்த பிழையாயினும் இழப்பு இழப்பே. ஒரு வரி தேயும்போது ஒரு குடும்பத்தின் அறம் தேய்கிறது. குடமுழுக்கு நீர் கலசத்தைத் தூய்மை செய்வதற்கு முன், அடிச்சுவரின் எழுத்து காக்கப்பட்டதா என்று நோக்குவதும் சிவபுண்ணியமே. செம்பியன் மாதேவியாரின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவ்வாறு நோக்குவோர்க்கே உண்டு.

திருவக்கரையில் நிறைவு

பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தம சோழர், இராசராசர் என ஆறு மன்னர்களின் ஆட்சியைக் கண்டவர் அம்மையார். மாமனாரை இழந்தார், கணவரை இழந்தார், தாம் பெற்ற மைந்தரையும் இழந்தார். மைந்தர் மறைந்த பின்னும் பதினாறு ஆண்டளவு அவர் வாழ்ந்தார். 941இல் மணம் புகுந்த இளம்பெண்ணாய் விளக்கறம் வைத்தவர், 1001இல் எழுபத்தைந்து பிராயத்தைக் கடந்த மூதாட்டியாராய் இருந்திருத்தல் வேண்டும்.

அம்முதுமையிற் செய்த திருப்பணிதான் திருவக்கரைக் கற்றளி. அவர் பட்டத்தரசியாய் அமர்ந்த நாளில் சோழர் கையினின்றும் நழுவிய நிலப்பரப்பைச் சேர்ந்தது அவ்வூர். கணவர் கண்ணாரக் காணாத மீட்சியை அம்மையார் கண்டார். மீண்ட நிலத்தில் வெற்றித் தூண் நாட்டுவது மன்னர் வழக்கம். அவ்வன்னையார் அங்கு இறைவனுக்கு இல்லம் எடுப்பித்தார். இழந்தது மீண்டதன் நன்றிக்கடன் என்று அதனைக் கொள்வதில் தவறில்லை.

திருவக்கரையின் மற்றோர் அதிசயத்தை அவ்வூர்க்குச் சென்றோர் அறிவர். பன்னெடுங் காலத்துக்கு முன் மண்ணிற் புதைந்த மரங்கள் கல்லாக மாறி அங்குக் கிடக்கின்றன. இரண்டு கோடி ஆண்டுப் பழைமை உடையன என்று நிலவியல் அறிஞர் கூறும் அக்கல்மரங்களைத் தேசியப் பூங்காவாக அரசினர் பாதுகாத்து வருகின்றனர். வாழ்ந்த மரத்தின் வரியும் கணுவும் மாறாமல், பொருள் மட்டும் கல்லாகி நிலைத்திருப்பது அவற்றின் இயல்பு. அம்மையாரின் திருப்பணியும் அத்தகையதே. நாயன்மார் கண்ட கோயில்களின் மரபு மாறவில்லை. முன்னோர் வைத்த அறமும் மாறவில்லை. அழியக்கூடிய பொருள் மட்டும் அழியாப் பொருளாயிற்று. அவர் தம் இறுதிக் கற்றளியை எழுப்பும் பேறு கல்மரங்கள் கிடக்கும் ஊருக்கு வாய்த்தமை பொருத்தமே.

பின்வந்தோர் போற்றிய முறை

அம்மையார் இட்ட வித்து அவர் காலத்தோடு முடியவில்லை. இராசராசரின் தமக்கையாரும், முறையால் அம்மையார்க்குப் பேர்த்தியுமாகிய குந்தவையார், திண்டிவனம் வட்டத்துத் தாதாபுரத்தில் கோயில்கள் எடுப்பித்தார். அந்நாளில் இராசராசபுரம் எனப் பெற்ற அவ்வூரில் சிவபெருமானுக்கு இரவிகுல மாணிக்க ஈசுவரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரும், அருகதேவர்க்கு ஒரு சினாலயமும் அவர் அமைத்தார். இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டாகிய 1006ஐச் சேர்ந்த சாசனம் அவர் அளித்த பொன், வெள்ளிக் கொடைகளை விரித்துரைக்கிறது. சிவாலயமும் விண்ணகரும் இன்றும் அவ்வூரில் வழிபாட்டில் உள்ளன. திருவக்கரையில் மூத்தவர் பணி நிறைந்து ஐந்தாண்டுக்குள், திண்டிவனத்தின் அருகே இளையவர் பணி விளங்கிற்று. ஒரு குடும்பத்துப் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறத்தைக் கைமாற்றிக் கொடுத்த காட்சியை இவ்வட்டாரம் தன் மண்ணிலேயே கண்டது.

1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தில் இராசராசர் பொற்கலசம் ஏற்றினார். வானளாவிய அக்கற்றளியைக் கண்டு வியப்போர், அதனைக் கட்டிய மன்னரின் இளமையில் அரண்மனையில் இருந்த ஒரு மூதாட்டியாரையும் நினைதல் வேண்டும். கல்லைக் கொணர்தல், தச்சரைத் திரட்டுதல், அறக்கட்டளை வகுத்தல், கொடையைக் கல்லிற் பொறித்தல் ஆகிய யாவும் அவர் முயற்சியால் அரை நூற்றாண்டுப் பழக்கமாகிவிட்டிருந்தன. அப்பழக்கத்தின் மேலேதான் தஞ்சை விமானம் உயர்ந்தது.

இராசராசரின் மைந்தர் இராசேந்திர சோழர் 1019ஆம் ஆண்டில், செம்பியன் மாதேவி என்னும் ஊர்க் கோயிலில் அம்மையாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டுக்கும் அறம் வைத்தார். அம்மையாரின் திருவுருவம் என்று அறிஞர் பலர் கருதும் எழில்மிகு செப்புத் திருமேனி ஒன்று அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. 1929ஆம் ஆண்டில் அது அங்குச் சேர்ந்தது. உமாதேவியாரின் திருவுருவோ அரசியாரின் திருவுருவோ என்று துணிந்து கூற இயலாதவாறு அது விளங்குகிறது. அன்னை வடிவிற் பேரரசியாரையும், பேரரசியார் வடிவில் அன்னையையும் காண வைத்த சிற்பியின் உள்ளத்தில், இருவரும் ஒருவராகவே தோன்றியிருத்தல் கூடும்.

தம் உருவைத் தாம் எங்கும் முன்னிறுத்தாத அம்மையார்க்குப் பின்னோர் உருவம் சமைத்தனர். பிறர் கொடையைத் தம் சுவரில் எழுதி வைத்த அவருடைய கொடையைக் காலம் அழியாது காத்தது. பெயர் நாடாதவர்க்கு இறைவன் அளிக்கும் பெயர் இதுவே போலும்.

திருப்பணிக்குப் பொன் அளித்தோரும், பொருள் அளிக்க இயலாது ஒரு நாள் உழைப்பை அளித்தோரும், விளக்குக்கு நெய் வார்த்தோரும், கோலமிட்ட மகளிரும் ஒருங்கு கூடும் நாளே குடமுழுக்கு நாள். அந்நாளில் எல்லார்க்கும் முன்னே நின்று கைகூப்பும் முதியவள் ஒருத்தி ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. பேரப்பிள்ளைகளின் கைபற்றிக் கோயிலுக்கு அழைத்து வந்து, விழுந்து வணங்கக் கற்பித்தவள் அவளே. அவள் பெயர் எந்தக் கல்லிலும் இராது. செம்பியன் மாதேவியாரை நினைந்து வணங்கும் வணக்கம் அவளையும் சென்று சேர்வதாகுக. முன்னோர் அறம் காத்து, பின்னோர்க்கு அறம் வைத்து, எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருளால் அன்பர் அனைவரும் நெடிது வாழ்க.